சீன விருந்து மேசை: பாயிலிருந்து சுழல் தட்டு வரை

சீனாவுக்கு வியாபாரத்துக்கோ படிப்புக்கோ போகிறவர்களிடம் யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்புவார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். முழு மீனைத் திருப்பிப் போடாதீர்கள். வாசலைப் பார்த்திருக்கும் நாற்காலியில் நீங்களாகப் போய் உட்காராதீர்கள். பெரியவர் சாப்பிடத் தொடங்கும் முன் கை வைக்காதீர்கள். கிளாஸை மோதும்போது உங்கள் கிளாஸின் விளிம்பு பெரியவருடையதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும்... இப்படி இருபது முப்பது விதிகள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் "ஐயாயிரம் ஆண்டுப் பண்பாடு" என்று ஒரே வரியில் பதில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள விதிகளுக்கெல்லாம் ஒரே வயது இல்லை. சில விதிகள் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பழையவை. சில, படகுக்காரர்களின் பயத்திலிருந்து பிறந்தவை. மேசை நடுவில் சுற்றுகிற அந்தக் கண்ணாடித் தட்டைச் சீனாவில் முன்வைத்தவரோ ஒரு டாக்டர், அதுவும் 1915-இல்தான். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், "சீனர்கள் என்றால் நடுவில் இருக்கும் தட்டுகளிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள்" என்று உலகமே நினைக்கிறதே, அதுவே சீன வரலாற்றில் பாதியில் வந்த பழக்கம்தான்!

முதலில் பழைய விதிகளைப் பார்ப்போம்.

'லி ஜி' என்பது சீனர்களின் சடங்கு நூல்களில் ஒன்று. கன்ஃபூசியஸ் மரபில் வந்த பழைய குறிப்புகளை ஹான் வம்ச காலத்தில் தொகுத்திருக்கிறார்கள். அதன் முதல் அத்தியாயத்திலேயே சாப்பாட்டு ஒழுங்கு பற்றி நீளமாக வருகிறது. பிறரோடு சேர்ந்து சாப்பிடும்போது வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, சோற்றை உருண்டையாக உருட்டக் கூடாது, எடுத்த சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போடக் கூடாது, கஞ்சியை உறிஞ்சக் கூடாது, எலும்பைக் கடிக்கக் கூடாது, கடித்த மீனைத் திருப்பி வைக்கக் கூடாது, எலும்பை நாய்க்கு வீசக் கூடாது. இப்படிப் போகிறது பட்டியல்.

இதில் சோற்றை உருட்டுவது என்ற விஷயம் கொஞ்சம் யோசிக்க வைக்கும். குச்சியால் சாப்பிடுகிறவன் எப்படி உருட்டுவான்? பதில் எளிது. அன்றைய சீனர்கள் சோற்றைக் கையால்தான் சாப்பிட்டார்கள்! சேர்ந்து சோறு உண்ணும்போது கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் அதே இடத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. தினைச் சோற்றுக்குக் குச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்று வேறு தனியாகச் சொல்கிறது. குச்சி அன்றைக்குக் குழம்பில் கிடக்கும் கீரையையும் கறியையும் எடுப்பதற்கு மட்டும்தான். பிற்காலத்தில் நூடுல்ஸ் பரவி, ஒட்டிக்கொள்ளும் அரிசிச் சோறும் பரவிய பிறகுதான் குச்சி மெதுவாகக் கரண்டியின் இடத்தைப் பிடித்தது.

இந்த விதிகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். ஒருவர் வாயில் பட்டது இன்னொருவர் சாப்பாட்டில் படக் கூடாது. தமிழில் 'எச்சில்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். இந்தக் கவலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இது கூடவே வரும்.

அந்தக் காலத்தில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தரையில் பாய் விரித்து, அதன்மேல் முழங்காலை மடித்து உட்காருவார்கள். விருந்து என்றால் ஒவ்வொருவர் முன்பும் கால் வைத்த சின்னப் பலகை ஒன்று வரும். அதில் அவரவருக்கு வேண்டியது அவரவருக்கு. ஹான் காலத்துக் கல்லறைச் சுவர்களில் இந்தக் காட்சியைச் செதுக்கியும் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். லியாங் ஹோங் என்பவரின் மனைவி மெங் குவாங், கணவருக்கு உணவு கொண்டுவரும்போது அந்தப் பலகையைத் தன் புருவம் வரை உயர்த்திக் கொடுப்பாராம். கணவன் மனைவி ஒருவரையொருவர் மதித்து வாழ்வதற்கு அதுவே மரபுத்தொடராகி, இன்றும் சீனர்கள் சொல்கிறார்கள். இன்றைய சீன வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் புருவம் வரை தூக்க வேண்டுமென்றால் நாலு பேர் வேண்டும்! அன்றைய பலகை ஒரு பெண் தூக்கும் அளவு இருந்தது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

பாய் போய்விட்டாலும் சொல் போகவில்லை. சீன மொழியில் விருந்துக்குச் சொல்லும் 'யான்ஷி', தலைவருக்குச் சொல்லும் 'சூஷி' இரண்டிலும் இருக்கும் 'ஷி' என்பதன் பழைய பொருள் பாய். சூஷி என்றால் முதன்மையான பாய். மாவோவை "மாவோ சூஷி" என்று கோடிக்கணக்கான பேர் கூப்பிட்டார்கள். சொல்லின் மூலத்தை மட்டும் பார்த்தால், அவர் தலைமைப் பாயில் உட்கார்ந்தவர்.

யார் எந்தப் பாயில், எந்தத் திசை பார்த்து உட்காருவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு விருந்துக் கதை போதும். சீனாவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

கி.மு. 206. சின் பேரரசு விழுந்துவிட்டது. அதை வீழ்த்திய படைத் தலைவர்களில் இரண்டு பேர் மிச்சம். ஒருவன் சியாங் யூ, பிரபு குலத்தவன், மாவீரன். இன்னொருவன் லியூ பாங், சாதாரணக் குடும்பத்தில் பிறந்து சிறு ஊர் அதிகாரியாக இருந்தவன். தலைநகருக்குள் முதலில் நுழைந்தவன் லியூ பாங். சியாங் யூவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனிடம் நாற்பது லட்சமில்லை, நாலு லட்சம் படை. லியூ பாங்கிடம் ஒரு லட்சம் என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென். (பழைய காலத்துப் படைக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.) மறுநாள் காலை லியூ பாங் நூறு குதிரை வீரர்களோடு சியாங் யூவின் முகாமுக்கு மன்னிப்புக் கேட்கப் போனான். முகாம் இருந்த இடம் ஹோங்மென், இன்றைய ஷியான் நகருக்குப் பக்கம். சியாங் யூ அவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

சிமா சியென் இந்த இடத்தில் கத்தியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்கிறார். சியாங் யூவும் அவன் சித்தப்பா சியாங் போவும் கிழக்கு நோக்கி உட்கார்ந்தார்கள். ஆலோசகர் ஃபான் செங் தெற்கு நோக்கி. லியூ பாங் வடக்கு நோக்கி. லியூ பாங்கின் ஆலோசகர் சாங் லியாங் மேற்கு நோக்கி.

வெறும் திசைக் குறிப்பு போலத் தெரிகிறது. அன்றைய சீன வாசகனுக்கு அப்படியில்லை. அறைக்குள் நடக்கும் விருந்தில் கிழக்கு நோக்கிய இடம்தான் முதல் மரியாதை. அடுத்தது தெற்கு நோக்கியது. பிறகு வடக்கு. கடைசி, மேற்கு. விருந்தாளிக்குக் கொடுத்திருக்க வேண்டிய முதல் இடத்தை சியாங் யூ தானே எடுத்துக்கொண்டான். இரண்டாவது இடத்தைக் கூடக் கொடுக்கவில்லை, அதில் தன் ஆலோசகரை உட்கார வைத்தான். ஒரு படைக்கே தலைவனாக வந்தவனுக்கு மூன்றாவது இடம், அதுவும் அரசன் முன் குடிமக்கள் பார்க்கும் வடக்குத் திசை. லியூ பாங் எதுவும் பேசாமல் உட்கார்ந்தான். "நீதான் பெரியவன், ஒத்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொல்வதைவிட அந்த உட்காரல் பலமாகச் சொல்லிவிட்டது என்று படித்தவர்கள் பலரும் பொருள் சொல்கிறார்கள்.

மீதிக் கதை சினிமாவைப் போல இருக்கும். ஃபான் செங் தன் இடுப்பில் தொங்கிய பச்சைமணி வளையத்தை மூன்று தடவை தூக்கிக் காட்டினார். "கொன்றுவிடு" என்று சைகை. சியாங் யூ கண்டுகொள்ளவில்லை. உடனே ஃபான் செங் வெளியே போய் சியாங் சுவாங் என்ற வீரனை அனுப்பினார். அவன் விருந்தினரை மகிழ்விக்கிறேன் என்று சொல்லி வாள் நடனம் ஆட ஆரம்பித்தான். குறி லியூ பாங்கின் கழுத்து. சித்தப்பா சியாங் போ தானும் வாளை உருவி ஆட வந்து, குறுக்கே குறுக்கே நின்று காப்பாற்றினார். வெளியே நின்ற லியூ பாங்கின் காவலன் ஃபான் குவாய் காவலர்களைக் கேடயத்தால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான். சியாங் யூ அவன் துணிச்சலை மெச்சி மதுவும் வேகாத ஒரு பன்றித் தொடையும் கொடுக்கச் சொன்னான். அவன் கேடயத்தைத் தரையில் கவிழ்த்து, தொடையை அதன்மேல் வைத்து, வாளால் அறுத்துத் தின்றான். லி ஜி எழுதியவர்கள் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். லியூ பாங் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தவன் திரும்பி வரவேயில்லை.

நான்கு வருடத்தில் சியாங் யூ இறந்தான். கி.மு. 202-இல் லியூ பாங் ஹான் வம்சத்தின் முதல் பேரரசன் ஆனான். இன்றும் சீனாவில் யாராவது சந்தேகத்துக்குரிய விருந்துக்கு அழைத்தால் "ஹோங்மென் விருந்தா?" என்று கேட்பார்கள்.

இந்த லியூ பாங்கே பேரரசனான பிறகு பட்ட பாடு தனிக் கதை. கூட இருந்து சண்டை போட்ட தோழர்கள் அரண்மனை விருந்தில் குடித்துவிட்டுக் கத்தினார்கள், யார் சாதித்தது அதிகம் என்று சண்டை போட்டார்கள், வாளை உருவித் தூண்களை வெட்டினார்கள். கன்ஃபூசிய அறிஞர்களைக் கேலி செய்து வந்த லியூ பாங், வேறு வழியில்லாமல் ஷூசுன் தோங் என்ற அறிஞரிடம் பொறுப்பைக் கொடுத்தான். அவர் சீடர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்து ஒரு முறையை உருவாக்கினார். கி.மு. 200-இல் புது அரண்மனையில் அது முதல் தடவையாக அரங்கேறியது. வரிசை வரிசையாக வந்து வணங்கி, பதவி வரிசைப்படி எழுந்து மன்னனை வாழ்த்திக் குடித்தார்கள். முறை தவறியவர்களை அங்கேயே அழைத்து வெளியே கொண்டுபோனார்கள். ஒரு சத்தம் இல்லை. பேரரசனாக இருப்பதன் மதிப்பு அன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்ததாக லியூ பாங் சொன்னானாம். இன்றைய சீன விருந்தில் யார் யாருக்கு முதலில் கிளாஸைத் தூக்குவது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களே, அதற்கு எவ்வளவு நீளமான வேர் என்று புரிகிறதா?

சரி, பாய் எப்போது போனது?

நாற்காலி சீனாவுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு. முதலில் வந்தது மடக்கு முக்காலி. அதை 'ஹூசுவாங்', அதாவது வடமேற்கு அன்னியர்களின் இருக்கை என்றே கூப்பிட்டார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட லிங் பேரரசனுக்கு அன்னிய நாட்டுப் பொருள்கள் மேல் ஒரு மோகம், இதுவும் அதில் ஒன்று. பிறகு பௌத்தத் துறவிகளோடு உயரமான இருக்கைகளும் வந்தன. தாங் காலத்தில் மெதுவாகப் பரவி, சோங் காலத்தில் (960–1279) சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. மனிதர்கள் தரையிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போனார்கள். பலகையும் கூடவே உயர்ந்து மேசையானது. பெரிய மேசை வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எதற்கு? எல்லாத் தட்டையும் நடுவில் வைத்தால் வகையும் அதிகம், சூடாகவும் இருக்கும், சுற்றி உட்கார்ந்து பேசவும் வசதி.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் கூ ஹோங்சோங் என்ற ஓவியர் வரைந்த "ஹான் சிசாயின் இரவு விருந்து" மிகப் பிரபலம். அதன் பழைய பிரதி பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நாற்காலியும் மேசையும் வந்துவிட்டன, ஆனால் சாப்பாடு இன்னும் அவரவர் முன்னால் தனித்தனிக் கிண்ணங்களில்தான். இரண்டு காலமும் ஒரே படத்தில் இருக்கின்றன. மிங் காலம் வரும்போது எட்டுப் பேர் உட்காரும் சதுர மேசை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதற்கு 'எட்டுத் தேவர் மேசை' என்று பெயர். நீங்கள் இன்று பார்க்கும் சீனச் சாப்பாடு இந்த மேசையில் பிறந்ததுதான்.

நடுத்தட்டு வந்ததும் புது விதிகள் தேவைப்பட்டன. தட்டில் கிளறித் தேடாதே, அடுத்தவர் பக்கம் கை நீட்டாதே, குச்சியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று யோசிக்காதே. இவையெல்லாம் தனிப் பலகைக் காலத்தில் அர்த்தமே இல்லாத விதிகள்.

குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இறந்தவர்களுக்குப் படைக்கும் சோறும், அவர்கள் முன் நிறுத்தும் ஊதுபத்தியும் அப்படித்தான் இருக்கும். மீன் விஷயம் படகுக்காரர்களுடையது. மீன் கவிழ்ந்தால் படகு கவிழும் என்ற பயம். குச்சியின் இன்றைய பெயரே படகுக்காரர்கள் வைத்ததுதான் என்றால் நம்புவீர்களா? பழைய பெயர் 'சூ'. 'நிற்பது' என்ற பொருள் கொண்ட சொல்லும் அதே ஒலி. ஆற்றில் போகிறவன் 'நில்' என்ற சொல்லைச் சாப்பாட்டு வேளைக்கு மூன்று தடவை சொல்வானா? தெற்கே வூ பகுதியின் படகுக்காரர்கள் அதை மாற்றி 'வேகம்' என்ற பொருள் தரும் 'குவாய்' என்று கூப்பிட ஆரம்பித்ததாக மிங் காலத்து லூ ரோங் எழுதி வைத்திருக்கிறார். இன்று நாடு முழுக்க 'குவாய்சி'தான். படித்தவர்களின் சொல்லைப் படகுக்காரர்களின் சொல் தோற்கடித்துவிட்டது.

மிங் காலத்துக் குறிப்பு நூல் ஒன்றில் வரும் இன்னொரு குச்சிக் கதை கொஞ்சம் பயங்கரமானது. மிங் வம்சத்தை நிறுவிய சூ யுவான்சாங் ஏழை விவசாயியின் மகன். தாங் சூ என்ற அறிஞரைத் தன்னோடு சாப்பிட வைத்தான். சாப்பிட்டு முடித்ததும் தாங் சூ இரண்டு கையாலும் குச்சியை ஏந்தி மரியாதை காட்டினார். இது என்ன மரியாதை என்று மன்னன் கேட்டான். சிறு வயதில் ஊரில் கற்ற வழக்கம் என்றார். ஊர் வழக்கத்தைப் பேரரசன் முன்னால் காட்டுவதா என்று அவரைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டானாம். மரியாதை காட்டியதற்குத் தண்டனை! விவசாயியின் மகனுக்குக் கிராமத்து வழக்கம் அவ்வளவு வலித்திருக்கிறது.

இனி அந்த எச்சில் கவலைக்கு வருவோம்.

வூ லியென் டே 1879-இல் பினாங்கில் பிறந்தவர். தமிழர்களும் நிறைய வாழும் அதே பினாங்குதான். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துவிட்டுச் சீனாவுக்கு வேலைக்குப் போனார். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் கொள்ளை நோய் பரவியது. ஹார்பின் நகருக்கு அவரை அனுப்பினார்கள். நோய் எலியால் பரவவில்லை, மூச்சுக் காற்றால் பரவுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகமூடியை எல்லோரும் கட்டிக்கொள்ளச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வயதில் மூத்தவர், இந்த இளைஞன் சொல்வதையா கேட்பது என்று முகமூடி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் இறந்துபோனார். உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எரிக்க, அரசரின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முன்னோர் உடலை எரிப்பது அங்கே பெரிய பாவம். சுமார் 60,000 பேரைக் கொன்ற நோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது.

இப்படி ஒருவர் அதன்பிறகு சீன விருந்து மேசையைப் பார்த்தால் என்ன தோன்றும்? பத்துப் பேர் வாயிலிருந்து எடுத்த குச்சியை ஒரே தட்டில் விடுகிறார்கள். அந்தத் தட்டிலிருந்து மறுபடி வாய்க்கு. அன்றைக்குக் காசநோய் வீட்டுக்கு வீடு இருந்த காலம். மேல்நாட்டுக்காரர்கள் போல ஆளுக்கொரு தட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னால் யார் கேட்பார்கள்? சமையலும் அதற்கு ஏற்றதில்லை, சேர்ந்து உட்காரும் சுகமும் போய்விடும்.

1915-இல் அவர் முன்வைத்த வழிதான் 'சுகாதாரச் சாப்பாட்டுத் தட்டு'. மேசை நடுவில் ஒரு வட்டப் பலகை, அச்சில் சுழலும். அதன்மேல் எல்லா உணவும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொதுவான கரண்டி அல்லது குச்சி. வேண்டியது உங்கள் பக்கம் சுற்றி வரும், பொதுக் கரண்டியால் உங்கள் கிண்ணத்தில் போட்டு, சொந்தக் குச்சியால் சாப்பிடுங்கள். பகிர்வதையும் விட வேண்டாம், எச்சிலும் வேண்டாம். (சுழலும் மேசை சீனாவுக்குப் புதிதல்ல. 1313-இல் வாங் சென் என்பவர் அச்சு எழுத்துகளை அடுக்க அப்படி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் சோறு வைக்கலாம் என்று தோன்ற அறுநூறு வருடம் ஆகியிருக்கிறது!)

அவர் காலத்தில் இது பெரிதாகப் பரவிவிடவில்லை. 1950-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுன் உணவகங்களில் சுழல் தட்டு புகழ்பெற்று, பிறகு ஆசியாவின் சீன உணவகங்களிலும் பரவியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டு வந்தது, பொதுக் கரண்டி வரவில்லை. சுழல் தட்டை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அது எதற்காகச் சுழல்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். அதற்கென்று புது மரியாதைகள் மட்டும் முளைத்தன: முக்கிய விருந்தாளி முன்னால்தான் புதுத் தட்டு நிற்க வேண்டும், அவர் எடுத்த பிறகுதான் சுற்ற வேண்டும், யாராவது எடுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றக் கூடாது.

ஏன் பொதுக் கரண்டி வரவில்லை? சீன விருந்தில் அன்பைக் காட்டும் வழியே தன் குச்சியால் நல்ல துண்டாகத் தேடி எடுத்து விருந்தாளியின் கிண்ணத்தில் வைப்பதுதான். 1972 பிப்ரவரி 21 அன்று பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு விருந்து. இரண்டு நாடுகளும் இருபது வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தவை. பிரதமர் சௌ என்லாய் தன் குச்சியால் நிக்சனின் தட்டில் உணவை எடுத்து வைப்பதை அமெரிக்காவே டிவியில் பார்த்தது. நிக்சனும் குச்சி பிடிக்கப் பழகிக்கொண்டுதான் போயிருந்தார். மாவ்தாய் என்ற மது வேறு. பாதிக்கு மேல் ஆல்கஹால். முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்த அலெக்சாண்டர் ஹேக், அதிபர் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்திருந்தார். நிக்சன் மேசை மேசையாகப் போய்ச் சின்ன வாயாகக் குடித்துச் சமாளித்தார். அந்த இடத்தில் சௌ என்லாய் பொதுக் கரண்டியைத் தேடியிருந்தால் அந்தப் படம் இப்படி ஓடியிருக்குமா?

1984-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஹூ யாவ்பாங் துணிந்து சொன்னார்: கத்தியும் முள்கரண்டியும் தட்டும் வாங்குங்கள், ஆளுக்கொரு தட்டில் சாப்பிடுங்கள், தொற்று நோயைத் தவிர்க்கலாம் என்று. நாட்டின் மிகப் பெரிய பதவி. நாடு கேட்கவில்லை. 2003-இல் சார்ஸ் வந்தபோது பொதுக் குச்சி எங்கும் தென்பட்டது, சார்ஸ் போனதும் அதுவும் போனது. 2020-இல் கொரோனா வந்தபோது நகரம் நகரமாக மறுபடியும் பிரச்சாரம். இந்த முறை உணவகங்களில் கொஞ்சம் நிலைத்திருக்கிறது. வீடுகளில் கதை வேறு. பெற்ற பிள்ளைக்குப் பொதுக் குச்சியால் பரிமாறுவதா, நமக்குள் என்ன அன்னியமா என்று பெரியவர்களுக்கு மனத்தாங்கல்.

தட்டில் கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்ல விருந்தாளிக்கு அழகு, காலி செய்தால் போதவில்லை என்று அர்த்தம் என்ற விதி பழைய பட்டியல்களில் இருக்கும். அதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரலில் உணவு வீணாவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். தேவைக்கு மேல் ஆர்டர் செய்யத் தூண்டும் உணவகத்துக்கு 10,000 யுவான் வரை அபராதம். பார்சல் கட்டிக்கொண்டு போவதில் இன்று அவமானம் எதுவும் இல்லை.

இப்போது பல பெரிய உணவகங்களில் உட்கார்ந்தால் உங்கள் முன்னால் ஒன்றல்ல, இரண்டு ஜோடிக் குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நிறம் வேறு வேறாக. ஒன்று நடுத்தட்டிலிருந்து எடுக்க, இன்னொன்று வாய்க்கு. வூ லியென் டே பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் மூன்றாவது முறை "கான்பேய்" சொல்லிக் கிளாஸைக் காலி செய்த பிறகு, எந்த நிறம் எதற்கு என்று அழைத்தவருக்கே குழம்பிவிடுவதும் உண்டு.